படிவம் 6 வணிக மாணவர்களுக்குப் புத்தகங்கள்: உதவி தேவை

வணக்கம். மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் எஸ்.டி.பி.எம். (படிவம் 6 மாணவர்கள் எழுதும் தேர்வு) வணிகவியல் எடுக்கும் தோட்டத்துப் பிள்ளைகளுக்காக ஒரு புத்தக அலமாரி அமைக்கிறோம். பாடநூல் வேண்டாம், அது பள்ளியிலேயே இருக்கிறது.

இப்போதைக்குக் கையில் இருப்பவை நிர்வாகம் பற்றிய இரண்டு ஆங்கில நூல்கள்: கோல்ட்ராட்டின் ‘தி கோல்’ (1984), டிரக்கரின் ‘தி எஃபெக்டிவ் எக்ஸிகியூட்டிவ்’ (1967). முதலாவது நாவல் வடிவம்; ஆங்கிலம் தடுமாறும் பிள்ளையும் ஓரளவு நகர்ந்துவிடும். ஓர் இயந்திரம் மெதுவாக ஓடினால் மொத்த உற்பத்தியும் அதன் வேகத்துக்கே இறங்கும் என்ற அந்நாவலின் கருத்தைப் பக்கத்துச் செம்பனை ஆலையைக் காட்டியே விளக்கலாம். டிரக்கர் அதற்குப் பிறகுதான். முதலிலேயே கொடுத்தால், அவர் சொல்லும் நிர்வாகி யாரென்றே பிடிபடாமல் இரண்டாம் அத்தியாயத்தில் மூடிவைத்துவிடுவார்கள்.

பெரிய குறை ரொக்கப் புழக்கத்தில்தான். கணக்கில் லாபம் காட்டும் மளிகைக்கடை, கடன் பாக்கி வசூலாகாமல் ஏன் மூடுகிறது என்று எண்களோடு சொல்லும் எளிய நூல் வேண்டும். (வரவு சிறிதானாலும் செலவு மிஞ்சாவிட்டால் கேடில்லை என்று குறள் 478 வரவு செலவை இரண்டடியில் முடித்துவிட்டது, பயிற்சிக் கணக்குதான் இல்லை!)

தெரிந்தவர்கள் சொல்லுங்கள்: தமிழிலோ மலாயிலோ உண்டா? எந்தப் பதிப்பு? 200 பக்கத்துக்குள் அடங்குமா? ‘கோடீஸ்வரர் ஆவது எப்படி’ வகை மட்டும் வேண்டாம். பழைய பிரதியானாலும் சரி, அஞ்சல் செலவை நாங்களே ஏற்கிறோம்.