கப்படோசியா பலூன்: முட்டி வலி உள்ள அம்மாவைக் கூட்டிப் போகலாமா?

மீனாட்சிபுரம்_தோப்பு:

எல்லோருக்கும் வணக்கம். பொள்ளாச்சியில் 2015-ல் பலூன் திருவிழா தொடங்கியதிலிருந்து தை மாதக் காலைகளில் எங்கள் வீட்டு வேலை தாமதமாகத்தான் நடக்கும். காற்று இந்தப் பக்கம் அடித்தால் ஒன்றிரண்டு பலூன் கேரள எல்லை தாண்டி எங்கள் தென்னைகளுக்கு மேலே வரும், அம்மா கறவையைப் பாதியில் விட்டுவிட்டுக் களத்துக்கு வந்துவிடுவார், அது கண்ணுக்கு மறையும் வரை உள்ளே போகமாட்டார். "ஒரு தடவை அதுல போய்ப் பாக்கணும்டா" என்று எத்தனையோ வருடமாகச் சொல்கிறார்.

வரும் அக்டோபரில் நான், மனைவி, அம்மா மூவரும் துருக்கி போகிறோம். கப்படோசியாவில், கோரெமே ஊரில், இரண்டு இரவு தங்கல். டூர் ஏஜென்ட் பலூனைக் கடைசி நாள் விடியற்காலைக்குப் போட்டிருக்கிறார், அன்று மதியமே கிளம்ப வேண்டும். அம்மாவுக்கு 64 வயது, வலது முட்டியில் தேய்மானம், பிரஷர் மாத்திரையும் சாப்பிடுகிறார். கூடையில் ஏற முடியுமா? குளிர் தாங்குமா? போய் வந்தவர்கள் கொஞ்சம் சொல்லுங்கள்.

நல்லேப்பிள்ளி_அக்கா:

தம்பி, முதலில் அந்தக் கடைசி நாளை மாற்றச் சொல்லுங்கள். இதைத்தான் கெஞ்சிக் கேட்டுக்கொள்வேன். அங்கே பறக்கலாமா வேண்டாமா என்பது பலூன் கம்பெனி கையில் இல்லை, அரசின் விமானத்துறை காற்றைப் பார்த்துப் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று கொடி அறிவிக்கும். சிவப்பு என்றால் ஒரு பலூன்கூட எழும்பாது. நாங்கள் போனபோது முதல் நாள் சிவப்பு. இரண்டாம் நாள் இருட்டில் எழுந்து வேனில் காத்திருந்து, விடிந்த பிறகு திரும்பிப் போகச் சொன்னார்கள். மூன்றாம் நாள்தான் கிடைத்தது, அதுவும் வீட்டுக்காரர் பிடிவாதமாக மூன்று இரவு போட்டிருந்ததால். ஊர் சேர்ந்த மறுநாள் காலைக்கே புக் பண்ணுங்கள், ரத்தானால் அடுத்த காலைக்குத் தள்ளிக்கொள்ளலாம். பணம் திரும்பி வருமா, எத்தனை நாளில் வரும் என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

ஏறுவது பற்றி: கூடை நெஞ்சளவு உயரம், பெரும்பாலும் கதவு இருக்காது. பக்கவாட்டில் கால் வைக்கப் பொந்து மாதிரி இருக்கும், அதில் மிதித்து ஏறி உள்ளே இறங்க வேண்டும். ஆட்கள் கை கொடுப்பார்கள், எங்களோடு வந்த ஒரு வெள்ளைக்காரப் பாட்டியைத் தூக்கித்தான் விட்டார்கள். ஆனால் என் கவலை ஏறுவதில் இல்லை, இறங்கும்போதுதான். தரை தொடுவதற்கு முன் பைலட் சொன்னதும் எல்லோரும் முட்டியை மடக்கி, உள்ளே இருக்கும் கயிற்றைப் பிடித்துக்கொண்டு, போகிற திசைக்கு முதுகைக் காட்டி உட்காருவது போல நிற்க வேண்டும். நல்ல நாளில், வண்டிக்குப் பின்னால் இழுத்து வரும் டிரெய்லர் மேலேயே கூடையைக் கச்சிதமாக இறக்கிவிடுகிறார்கள், தட்டுவதே தெரியாது. காற்று இருந்தால் கூடை தரையில் இழுபடும், சில சமயம் சாயும். அதனால் முட்டியைப் பற்றி எலும்பு டாக்டரிடம் இதை அப்படியே விவரித்துக் கேளுங்கள், "பலூன்ல போலாமா" என்று மட்டும் கேட்காதீர்கள்.

மேலே போனபின் அம்மாவுக்கு ஒரு பயமும் இருக்காது. காற்றோடு சேர்ந்தே நகர்வதால் முகத்தில் காற்று படுவதே இல்லை. பர்னர் எரியும்போது உச்சந்தலையில் சூடு அடிக்கும், அணைத்ததும் அப்படி ஒரு அமைதி, கீழே ஏதோ வீட்டில் நாய் குரைப்பது துல்லியமாகக் கேட்டது. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

கோவிந்தாபுரம்_விவசாயி:

அக்கா சொன்னது சரி. விடியற்காலைக்கு ஏன் இவ்வளவு அடம் என்று வீட்டில் கேட்டால் சொல்ல இது உதவும்: வெயில் ஏறினால் தரை சூடாகி, சூடான காற்று மேலே கிளம்பும், பலூன் தாறுமாறாக ஆடும். விடியும்போது அது இல்லை. இன்னொன்று, வெளியே குளிராக இருந்தால் பலூன் அதே எடையைத் தூக்கக் குறைந்த சூடு போதும்.

பலூனுக்கு ஸ்டியரிங் கிடையாது. ஒவ்வொரு உயரத்தில் காற்று ஒவ்வொரு திசையில் ஓடும், பைலட் ஏறியும் இறங்கியும் தனக்கு வேண்டிய காற்றைத் தேடிப் பிடிக்கிறார், அவ்வளவுதான். நம் பக்கம் பலூன் வருவதும் அப்படித்தான். வடக்கே நீலகிரி, தெற்கே ஆனைமலை, நடுவில் பாலக்காட்டுக் கணவாய். மார்கழி, தையில் கிழக்குக் காற்று அந்த இடைவெளியில் புகுந்து வேகமாக மேற்கே தள்ளும். பொங்கல் சமயத்தில் அப்படித்தான் பொள்ளாச்சிப் பலூன் கன்னிமாரி வயலில் இறங்கியது, நாங்கள் பைக்கில் போய்ப் பார்த்தோம்.

எனக்குத் தோன்றுவது: அக்டோபர் வரை காத்திருக்காமல் இந்தத் தையில் பொள்ளாச்சியிலேயே அம்மாவைக் கயிறு கட்டிய பலூனில் ஏற்றிப் பாருங்கள். கொஞ்ச உயரம்தான் போகும், ஆனால் கூடைக்குள் ஏறி இறங்க முடிகிறதா என்று தெரிந்துவிடும்.

பாலக்காடு_டூ_கெய்ரோ:

நான் எகிப்தில் லக்சரில் போயிருக்கிறேன். அங்கே 2013 பிப்ரவரியில் பலூன் தீப்பிடித்து 19 பேர் இறந்தார்கள். பயமுறுத்தச் சொல்லவில்லை, விலை குறைவு என்பதற்காக மட்டும் கம்பெனியைத் தேர்ந்தெடுக்காதீர்கள் என்பதற்காகச் சொல்கிறேன். அப்புறம் டிராவல் இன்சூரன்ஸ். பல பாலிசிகளில் பலூன் சேராது, சேருமா என்று கேட்டுவிட்டு எடுங்கள். அக்டோபர் காலை அங்கே நன்றாகக் குளிரும். ஸ்வெட்டர், அதற்கு மேல் ஜாக்கெட், காதை மூடும் குல்லா, தட்டையான ஷூ.

மீனாட்சிபுரம்_தோப்பு:

ரொம்ப நன்றி. ஏஜென்டிடம் பேசி மூன்று இரவாக மாற்றிவிட்டோம், முதல் காலையே பலூன். இன்னொரு பகுதியில் ஒருநாள் குறைகிறது, பரவாயில்லை. டாக்டர், முட்டிக்கு உறை போட்டுக்கொண்டு பொள்ளாச்சியில் ஏறி இறங்கிப் பார்த்துவிட்டு வந்து சொல்லுங்கள் என்றார். அம்மா அதற்குள் மாட்டுத் தொட்டிச் சுவரில் ஏறிப் பழக ஆரம்பித்துவிட்டார், நான்தான் பக்கத்தில் நிற்கிறேன். ஒரே ஒரு கேள்வி: சேலையோடு ஏற முடியுமா? அம்மா வேறெதுவும் உடுத்தியதே இல்லை.

நல்லேப்பிள்ளி_அக்கா:

வேண்டாம் தம்பி. காலைத் தூக்கிப் பொந்தில் வைக்கும்போது சேலை தடுக்கும், இறங்கும்போது முந்தானை எதிலாவது மாட்டினால் ஆபத்து. சுடிதார்தான் சரி, துப்பட்டாவை ஹோட்டலிலேயே வைத்துவிடச் சொல்லுங்கள். பருத்தித் துணியாக எடுங்கள்.

மீனாட்சிபுரம்_தோப்பு:

ஒரு ராத்திரி யோசித்துவிட்டு ஒப்புக்கொண்டார். ஆகாச நீலம் வேண்டுமாம். அளவு கொடுக்க நாளைக்குக் கொழிஞ்சாம்பாறை போகிறோம்.