247 எழுத்தும் ஒப்பிக்கிறாள், 'படகு' வாசிக்க வரவில்லை: வீட்டிலேயே படிக்கும் 6 வயது, 4 வயதுப் பிள்ளைகள்

தூவானம் கேட்டது:

பெரியவளுக்கு 6 வயது, சின்னவனுக்கு 4. இருவருக்கும் வீட்டில்தான் பாடம். பெரியவள் க, கா, கி என்று தொடங்கினால் னௌ வரை நிறுத்தாமல் ஒப்பிப்பாள். ஆனால் 'படகு' என்று எழுதிக் காட்டினால், 'கு' வரும் இடத்தில் க, கா, கி, கீ என்று வாய்க்குள் எண்ணிக்கொண்டு வந்துதான் அதைப் பிடிக்கிறாள். அதற்குள் முதலில் இருந்த 'ப' மறந்துபோகிறது. 'வீட்டில்' என்று சரியாகக் கூட்டி முடித்த பிறகும் அது என்ன சொல் என்று தெரியாமல் விழிக்கிறாள். கணக்கில் 89 வரை ஒழுங்காக எண்ணி, அடுத்தது 100 என்கிறாள். இருபத்து மூன்றை 203 என்று எழுதுகிறாள்.

காலை 9 முதல் 12 வரை பாடம். கடைசி ஒரு மணி நேரம் அழுகையிலேயே கழிகிறது. சின்னவன் நடுவில் வந்து பென்சிலைப் பிடுங்குகிறான். அவனையும் இப்போதே எழுத உட்கார வைக்கலாமா? எதிலிருந்து மாற்றத் தொடங்குவது?

கரும்பலகை:

முதலில் சுவரில் இருக்கும் எழுத்து அட்டவணையைக் கழற்றி வையுங்கள். வரிசைதான் அவளைப் பிடித்து வைத்திருக்கிறது.

12 உயிர், 18 மெய், 216 உயிர்மெய், ஓர் ஆய்தம்: ஆக 247. இதில் 216-ஐத் தனித்தனியாக மனப்பாடம் செய்யத் தேவையே இல்லை. அவை 18 உடல்களும் 11 உயிர்க்குறிகளும் கூடிப் பிறப்பவை (அகரத்துக்குக் குறி கிடையாது). ஙகர வரிசையில் 'ங்' தவிர மற்றவை இங்ஙனம், அங்ஙனம் போன்ற ஒரு சில சொற்களில்தான் வரும். 6 வயதில் அந்த வரிசைக்காக ஒரு நாள்கூடச் செலவிடாதீர்கள்.

தொடங்க வேண்டியது ட, ப, ம. வரைய எளிது, புள்ளியும் சேர்ந்தால் அன்றைக்கே படம், மடம், பட்டம், மட்டம் என்று நான்கு சொற்கள் கிடைத்துவிடும். அடுத்த வாரம் ர, க, ல: மரம், கடல், பல், கல், பக்கம், கலகம். வாரத்துக்கு மூன்று என்றால் 18-ம் ஆறு வாரத்தில் முடியும். ஒவ்வொரு வாரமும் அதுவரை தெரிந்த எழுத்துகளால் ஆன சொற்களை மட்டுமே கொடுங்கள். தெரியாத எழுத்து ஒன்று நுழைந்தாலும் ஊகிக்கத் தொடங்கிவிடுவாள்.

இங்கே பெரும்பாலும் சறுக்குவது புள்ளி எழுத்தில். இக், இட், இம் என்று பெயர் சொல்லிப் பழக்கிவிடுகிறோம். பிறகு 'பட்டம்' என்பதைக் குழந்தை எப்படிக் கூட்டும்? "ப, இட், ட, இம்." இந்த நான்கையும் எத்தனை வேகமாகச் சொன்னாலும் பட்டம் வராது. புள்ளி எழுத்தைத் தனியே உச்சரிக்கவே வேண்டாம். முந்தைய எழுத்தோடு ஒட்டி ஒரே மூச்சில் "பட்", "டம்". அட்டையிலும் பட் | டம் என்று இரண்டு துண்டாக எழுதி, துண்டுக்கு ஒரு முறை விரல் வைக்கச் சொல்லுங்கள். எழுத்துக்கு ஒரு விரல் என்ற பழக்கம்தான் கூட்டலைக் கெடுக்கிறது.

பிறகு வாரம் ஒரு குறி. 'கால்' எனப்படும் ா குறியை இணைச் சொற்களாகக் கொடுங்கள்: கல், கால், பல், பால், படம், பாடம், வரம், வாரம். 'பாரம்' என்ற சொல்லில் காலும் ரகரமும் அடுத்தடுத்து நிற்பதைக் காட்டி, ரகரத்தின் அடியில் இருக்கும் சாய்கோட்டை விரலால் தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். ெ, ே, ை மூன்றும் இடப்பக்கம் எழுதப்பட்டாலும் ஒலி பிறகே வருகிறது. இடமிருந்து வலமாகப் படிக்கப் பழகிய குழந்தை இங்கே தடுமாறுவது இயல்பு. உடலுக்கு ஓர் அட்டை, குறிக்கு ஓர் அட்டை என்று வெட்டி, உடலை முதலில் மேசையில் வைத்துவிட்டுக் குறியைப் பக்கத்தில் நகர்த்துங்கள். கொ, கோ வரும்போது அதே உடலுக்கு இரு பக்கமும் அட்டை. அதிகம் விளக்கத் தேவைப்படாது.

உகரத்துக்கு ஒரே குறி இல்லை, அதனால்தான் 'கு' அவளுக்கு இன்னும் பிடிபடவில்லை. வடிவத்தை வைத்து மூன்று கூட்டமாகப் பிரியுங்கள்: கு, டு, மு, ரு, ழு, ளு ஒரு கூட்டம்; சு, பு, யு, வு இன்னொன்று; து, நு, லு, று, ணு, னு, ஞு மூன்றாவது. இதற்கு இரண்டு வாரம் ஒதுக்குங்கள். ஊகாரத்துக்கு இன்னும் இரண்டு.

ண, ன, ந குழப்பம் எழுதும்போது வரும். அப்போது மூன்று ஜோடி போதும்: ண்ட, ன்ற, ந்த (வண்டி, கன்று, பந்து). தமிழ்ச் சொல்லின் தொடக்கத்தில் வருவது ந. ல, ழ, ள வேறுபாட்டுக்கு இப்படி ஒரு சுருக்குவழி இல்லை. வீட்டில் பேசுகிறவர்கள் திருத்தமாக உச்சரிப்பதுதான் வழி.

மணிக்கோவை:

'வீட்டில்' பற்றி மட்டும். அவள் சரியாகத்தான் வாசிக்கிறாள், காதுக்குத்தான் அந்தச் சொல் புதிது. வாயில் நாம் சொல்வது 'வீட்டுல'. இருக்கிறது என்பது 'இருக்கு', வேண்டும் என்பது 'வேணும்', அவர்கள் என்பது 'அவங்க', வந்துவிட்டான் என்பது 'வந்துட்டான்'. கேட்டே இராத சொல்லைக் கண்ணால் மட்டும் எப்படி அடையாளம் காண்பாள்?

தினமும் 15 நிமிடம் கதையை உரக்க வாசித்துக் காட்டுங்கள், அச்சில் இருக்கிறபடியே. குழந்தைக்குப் புரியட்டும் என்று வாசிக்கும்போதே பேச்சுத்தமிழுக்கு மாற்றுவதை விட்டுவிடுங்கள். முடித்த பிறகு அவளே பேச்சுத்தமிழில் கதையைத் திருப்பிச் சொல்லட்டும். கூடவே 20, 25 அட்டைகள்: ஒரு பக்கம் 'இருக்கு', மறுபக்கம் 'இருக்கிறது'. இந்தச் சில சொற்கள் கதைப் புத்தகத்தில் பக்கத்துக்குப் பக்கம் வருபவை.

ஒரு க பல ஒலி தருவதும் இதே வகைச் சிக்கல். கல், பக்கம், தங்கம், பகல் நான்கையும் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதி வாசித்துக் காட்டினால் போதும். விதியாகச் சொல்ல வேண்டாம்.

பத்துக்கட்டு:

89-க்குப் பிறகு 100 என்பது நல்ல காதுள்ள குழந்தை செய்யும் தவறு. இருபது முதல் எண்பது வரை எல்லாம் 'பது'வில் முடிகின்றன, அடுத்து வரும் தொண்ணூறு மட்டும் நூறு போல ஒலிக்கிறது. பின்னால் தொள்ளாயிரத்திலும் இதே தொல்லை வரும். ஒன்பது மட்டும் பத்தே ஆகாமல் 'பது'வில் முடிகிறது!

100 குச்சிகள், 10 ரப்பர் வளையங்கள். பத்துப் பத்தாகக் கட்டுங்கள். இரண்டு வாரத்துக்கு எண்ணின் பெயரையே மாற்றிச் சொல்லுங்கள்: 89 என்றால் "எட்டுப் பத்து, ஒன்பது". ஒரு குச்சி சேர்த்தால் ஒன்பது கட்டு, "ஒன்பது பத்து". அதைக் கையில் கொடுத்த பிறகு, "இதற்குப் பெயர் தொண்ணூறு" என்று சொல்லுங்கள். பிறகு 87 முதல் 103 வரை ஏறியும் இறங்கியும் எண்ணட்டும். 1-லிருந்து தொடங்கினால் அந்த இடத்துக்கு வருவதற்குள் களைத்துவிடுவாள்.

203 வருவது, காதில் 20-ம் 3-ம் தனித்தனியாக விழுவதால். 20 என்று இரு கட்ட அகலத்தில் ஓர் அட்டை, 3 என்று ஒரு கட்ட அகலத்தில் இன்னொன்று. 3-ஐ எடுத்து 20-இன் பூஜ்யத்தின் மேல் வைத்து மூடச் சொல்லுங்கள். அடியில் பூஜ்யம் ஒளிந்திருப்பது தெரிந்துவிட்டால் 203 நின்றுவிடும்.

மரக்குதிரை:

மூன்று மணி நேரம் மிக அதிகம். 6 வயதுக்கு ஓர் அமர்வு 15, மிஞ்சினால் 20 நிமிடம். வாசிப்பு 15, கணக்கு 20, எழுத்து 10, நடுநடுவே ஓடியாட இடைவெளி. மொத்தம் ஒரு மணி நேரம் தாண்ட வேண்டாம். புதியது எதுவாயினும் முதல் அமர்வில். அவள் களைப்பதற்கு முன்னால் நிறுத்துங்கள். அழுத பிறகு நிறுத்தினால், நிறுத்த வைக்க அழ வேண்டும் என்றுதான் பதியும்.

சின்னவனுக்கு முதல் 10 நிமிடத்தைக் கொடுத்துவிடுங்கள், அது முழுக்க அவனுடைய நேரம். பிறகு அவனிடம் ஒரு தட்டு: மணி கோர்த்தல், துணிக்கிளிப்பு மாட்டுதல், காகிதம் கிழித்து ஒட்டுதல். பாட நேரத்தில் மட்டுமே அவை வெளியே வர வேண்டும், முடிந்ததும் உள்ளே. நாள் முழுதும் கிடைத்தால் மூன்றாம் நாளே சலித்துவிடும்.

பென்சில் எழுத்து அவனுக்கு இப்போது வேண்டாம். பொதுவாக வட்டம் 3 வயதில், கூட்டல் குறி 4-இல், சதுரம் 5-ஐ ஒட்டி, முக்கோணம் அதன் பிறகு கைக்கு வரும். சதுரம் வராத கைக்கு ணகரத்தின் சுழி வராது. அவனுக்கு மணலும் சுவர்ப் பலகையும் போதும். கிரேயானை 3 செ.மீ. துண்டாக உடைத்துக் கொடுங்கள். முழுக் கையால் பிடிக்க இடமில்லாததால் விரல் நுனிகள் தாமாகவே வந்துவிடும்.

மாதம் ஒரு முறை தேதியிட்ட ஒரு பக்க எழுத்தும், ஒரு நிமிட வாசிப்பின் ஒலிப்பதிவும் எடுத்து வையுங்கள். நாட்டுக்கு நாடு சட்டம் வேறு, சில இடங்களில் சான்று கேட்பார்கள்.

தூவானம்:

மிக்க நன்றி. ஒரே ஒரு சந்தேகம். ஒப்பிப்பதை அடியோடு நிறுத்திவிடவா? அவளுக்கு அதில் அவ்வளவு பெருமை.

கரும்பலகை:

நிறுத்த வேண்டாம், திசையை மாற்றுங்கள். உடல்கள் 18-ம் பழகிய பிறகு அட்டவணையை மறுபடி மாட்டி, குறுக்கே போகாமல் மேலிருந்து கீழாகச் சொல்லச் சொல்லுங்கள்: கு, ஙு, சு, ஞு, டு, ணு... அங்கே எண்ணிக்கொண்டு வர வழியில்லை, வடிவத்தைப் பார்த்தே ஆக வேண்டும்.

அதோடு மூன்று அறை உள்ள ஒரு பெட்டி. புதிய அட்டைகள் முதல் அறையில், தினமும் எடுக்க. மூன்று நாள் தொடர்ந்து தயங்காமல் சொன்னவை இரண்டாம் அறைக்கு, ஒன்றுவிட்டு ஒரு நாள். அங்கும் தடங்கலில்லை என்றால் மூன்றாவது, வாரம் ஒரு முறை. தவறினால் முதல் அறைக்கே திரும்பட்டும். முதல் அறையில் பத்து அட்டைக்கு மேல் சேர்ந்துவிட்டால் அந்த வாரம் புதிய எழுத்து வேண்டாம்.