மறு: டிரை-ரன்: வெள்ளோட்டமா, வெற்றோட்டமா?

> டிரை-ரன் என்பதற்கு வெள்ளோட்டம் என்றே போட்டுவிடலாம். எல்லாருக்கும் தெரிந்த சொல்.

வணக்கம் அண்ணே. லினக்ஸில் பொதிகளை (மென்பொருள் கட்டுகளை) நிறுவி நீக்கும் ஆப்ட்-கெட், டிபிகேஜி கருவிகளின் தமிழாக்க வரைவில் இந்தச் சொல்லைப் போடலாம் என்கிறீர்கள். தெரிந்த சொல் என்பதால்தான் இடிக்கிறது. கொப்புடையம்மன் தேர் ஓடும் காரைக்குடியில் வெள்ளோட்டம் என்றால், சாமி எழுந்தருளாத தேரை வடம்பிடித்து நிஜமாகவே வீதியில் இழுப்பது. சாமிதான் இல்லை, தேர் நகர்ந்துவிடும். டிரை-ரன் அப்படியில்லை. ஆப்ட்-கெட்டுக்கு அதற்கான தெரிவான '-எஸ்' கொடுத்தால் எதுவும் நகராது. எந்தப் பொதி வரும், எது போகும் என்று கணக்குப் போட்டுத் திரையில் காட்டுவதோடு சரி. ரூட் (நிர்வாகி) உரிமைகூடக் கேட்காது. வெள்ளோட்டத்தை பீட்டா (சோதனை) வெளியீட்டுக்கு வைத்துக்கொள்வோம், அங்கே மென்பொருள் உண்மையிலேயே ஓடுகிறது.

டிரை-ரனுக்கு வெற்றோட்டம், அதாவது வெறும் ஓட்டம், என்பது என் பரிந்துரை.

> வெற்றி ஓட்டம் என்று படித்துவிட மாட்டார்களா?

வெற்றிடத்தை யாரும் வெற்றி இடம் என்று படிப்பதில்லையே.

> சிமுலேட், ஜஸ்ட்-பிரிண்ட், டிரை-ரன், ரீகான், நோ-ஆக்ட்: ஐந்துக்கும் தனித்தனிச் சொல் வேண்டாமா?

வேண்டாம். ஆப்ட்-கெட்டில் ஐந்தும் ஒரே வேலையைத்தான் செய்கின்றன. தட்டச்சு செய்யும் தெரிவு அப்படியே இருக்கட்டும், விளக்கத்தில் ஒரு சொல் போதும்.

உண்மையான வம்பு டிபிகேஜியில் இருக்கிறது. அங்கே '-எஸ்' என்றால் பொதியின் நிலையைக் காட்டு என்று பொருள். அடுத்தடுத்து உட்கார்ந்திருக்கும் இரண்டு கருவிகள், ஒரே எழுத்து, வேறு வேறு வேலை! இதையாவது பொறுத்துக்கொள்ளலாம். வரிசைதான் ஆபத்து. ஆப்ட்-கெட்டில் தெரிவைக் கட்டளையின் கடைசியில் போட்டாலும் ஏற்றுக்கொள்ளும். அந்தப் பழக்கத்தில் ஒருவர் டிபிகேஜியில் பொதியை முழுதாக நீக்கும் '--பர்ஜ்', பொதியின் பெயர், கடைசியில் '--நோ-ஆக்ட்' என்று அடித்தால், பொதி அமைவுக் கோப்புகளோடு சேர்ந்து நிஜமாகவே போய்விடும். '--நோ-ஆக்ட்' என்பதையும் இன்னொரு பொதியின் பெயராகத்தான் அது எடுத்துக்கொள்கிறது. கையேட்டிலேயே இந்த எச்சரிக்கை உண்டு. ஆனால் இங்கே எங்கள் வகுப்புக்கு வரும் பிள்ளைகள் கையேட்டைத் திறப்பதற்கு முன்பே என்டரைத் தட்டிவிடுகிறார்கள். எனவே கலைச்சொல்லை மட்டும் மாற்றி நிறுத்தாமல், உதவி வரியையும் இப்படி எழுதலாம்:

வெற்றோட்டம்: செய்யப்போவதைக் காட்டும், எதையும் மாற்றாது. செயலுக்கு முன்னால் கொடுக்கவும்.

கடைசி வாக்கியம் டிபிகேஜிக்கு மட்டும். ஆப்ட்-கெட் கோப்பில் வேண்டாம்.

அப்புறம், '--ரிமூவ்', '--பர்ஜ்' இரண்டுக்குமே வரைவில் 'நீக்கு' என்றுதான் இருக்கிறது. முதலாவது அமைவுக் கோப்புகளை விட்டுவைக்கும், இரண்டாவது வைக்காது. பின்னதற்கு 'அடியோடு நீக்கு' சரிவருமா?