கிளௌகோமா ஆபரேஷனில் மைட்டோமைசின்: அம்மாவுக்குச் சம்மதிக்கலாமா?

கோத்தகிரிக்காரன்:
அம்மாவுக்குக் கிளௌகோமா, கண் அழுத்த நோய். சொட்டு மருந்தை மாற்றி மாற்றிப் போட்டும் கண்ணின் பிரஷர் இறங்கவில்லை, கோயம்புத்தூரில் டிராபெகுலெக்டமி என்ற ஆபரேஷன் செய்துவிடலாம் என்கிறார்கள். கையெழுத்துக்குத் தந்த தாளில் மைட்டோமைசின்-சி என்று இருந்தது, தேடினால் புற்றுநோய் மருந்து என்று வருகிறது, அதிலிருந்து எனக்குத் தூக்கமே இல்லை. அது இல்லாமலே செய்யச் சொல்லலாமா?

குன்னூர் நர்ஸ்:
தம்பி, புற்றுநோய் மருந்துதான், ஆனால் இங்கே ரத்தத்தில் ஏற்றுவதில்லை, முடி கொட்டுமோ என்ற பயமும் வேண்டாம். கண்ணுக்குள் இருக்கும் நீர் வடிய மேல் இமைக்கு அடியில் புது வழி திறக்கிறார்கள், உடம்போ அதைக் காயமாகப் பார்த்துத் தழும்பு வளர்த்து மூடப் பார்க்கும், மூடினால் பிரஷர் பழையபடி ஏறிவிடும். அந்தத் தழும்பைத் தடுக்கத்தான் மருந்தைப் பஞ்சில் நனைத்துச் சில நிமிடம் வைத்து, நன்றாகக் கழுவி விடுகிறார்கள். பெரும்பாலும் ஒரு மில்லிக்கு 0.2 முதல் 0.4 மில்லிகிராம் வரை.

தழும்பைத் தடுக்க இன்னொரு மருந்தும் உண்டு, 5-ஃபுளுரோயுராசில். அதை ஊசியாகவும் போடுவார்கள், கருவிழியின் மேல்தோல் உரிந்து உறுத்தும், நிறுத்தினால் பெரும்பாலும் ஆறிவிடும். மைட்டோமைசின் அப்படியில்லை. செல்லின் டிஎன்ஏவையே பிணைத்துப் போடுவதால் அந்த இடத்துத் தோல் வருடக்கணக்கில் மெல்லியதாக, ரத்த ஓட்டம் குறைந்து வெளுத்தே இருக்கலாம். அதில் நீர் கசியலாம், பிரஷர் அளவுக்கு மீறி இறங்கி விழித்திரை சுருங்கிப் பார்வை மங்கலாம், கிருமியும் உள்ளே போகலாம். இருந்தாலும் மருந்தே வேண்டாம் என்று பிடிவாதம் பிடிக்காதீர்கள், தழும்பு மூடிக்கொண்டால் திரும்பவும் கத்தி வைக்க வேண்டிவரும். எவ்வளவு அளவு, எத்தனை நிமிடம், ஏன் இந்த மருந்து என்று டாக்டரிடம் கேளுங்கள், கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

கொடைக்கானல் அக்கா:
நர்ஸ் அம்மா கடைசியில் சொன்ன கிருமி விஷயத்தை லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். எங்கள் அப்பாவுக்கு ஆபரேஷன் நன்றாகத்தான் முடிந்தது, வருடங்கள் கழித்து ஒருநாள் கண் சிவந்தது. மெடிக்கலில் ஏதாவது சொட்டு வாங்கிப் போடலாம் என்றார், நான் விடவில்லை, அன்றைக்கே மதுரைக்கு இறக்கிவிட்டோம். சிவப்பு, வலி, வெளிச்சத்தில் கூச்சம், பீளை, பார்வை மங்கல், இதில் ஒன்று வந்தாலும் காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று இருக்கக் கூடாது. மலையில் இருக்கிற நமக்கு இது இன்னும் முக்கியம், ஐப்பசி கார்த்திகையில் மண் சரிந்து ரோடு அடைத்துவிட்டால் என்ன செய்வீர்கள்? ஆஸ்பத்திரியின் அவசர எண்ணை இப்போதே வாங்கி வையுங்கள். அப்புறம், கண்ணைக் கசக்கவே விடாதீர்கள்.

கோத்தகிரிக்காரன்:
ரொம்ப நன்றி. அம்மாவுக்குக் கிட்டப்பார்வை அதிகம், சின்ன வயதிலிருந்தே தடிமனான கண்ணாடி. அதனால் ஏதாவது உண்டா?

குன்னூர் நர்ஸ்:
உண்டு தம்பி. பிரஷர் அதிகமாக இறங்கி விழித்திரை சுருங்குவது கிட்டப்பார்வைக்காரர்களுக்கும் இளவயதினருக்கும் கூடுதலாக வரும். கண்ணாடிச் சீட்டைக் கையோடு கொண்டுபோய் ஆபரேஷன் செய்கிற டாக்டரிடமே காட்டுங்கள், மருந்தின் அளவையும் தையலின் இறுக்கத்தையும் அதைப் பார்த்து முடிவு செய்வார்.