பழைய அடுக்ககத்தில் வீட்டுக்கு வீடு தண்ணீர் மீட்டர் போட்டவர்கள் உதவுங்களேன்

வணக்கம். சென்னை மடிப்பாக்கத்தில் 18 வீடுகள் கொண்ட பழைய அடுக்ககம் எங்களுடையது. 2019 கோடையில் குடத்தோடு லாரிக்குக் காத்து நின்றதை இன்னும் மறக்க முடியவில்லை. மழைநீர் சேகரிப்பு 2003-லேயே கட்டாயமாகிவிட்டது. ஆனால் எங்கள் தொட்டியை இந்த வாரம் திறந்தால் ஜல்லி முழுக்கச் சேறு, குழாய் வாயில் மட்கிய அரச இலைகள். சரி, அதைச் சுத்தம் செய்துவிடுவோம்.

சிக்கல் மீட்டரில்தான். தண்ணீரைக் குறைவாகச் செலவழிக்கும் வீட்டுக்குப் பராமரிப்புக் கட்டணத்தைக் குறைக்க நினைக்கிறோம். ஆனால் மொட்டைமாடித் தொட்டியிலிருந்து ஒவ்வொரு வீட்டுக்கும் மூன்று குழாய்கள் தனித்தனியாக இறங்குகின்றன. நீங்கள் மூன்றிலும் மீட்டர் வைத்தீர்களா, ஒன்றாக இணைத்தீர்களா? எவ்வளவு செலவானது?

அப்புறம், புனேயில் மழைநீர் சேகரிக்கும் வீடுகளுக்குச் சொத்துவரியில் தள்ளுபடி தருகிறார்கள். அதுபோல இங்கேயும் கேட்டு மாநகராட்சிக்கு யாராவது மனு எழுதியிருந்தால் நகல் அனுப்புங்கள்.