மின்சாரம் வந்ததும் விளையாட்டுச் சேவையகம் தானாகத் தொடங்க வழி உண்டா?

கிளிநொச்சி வாசகர்:
வீட்டுப் பழைய கணினியில் உபுண்டு இயங்குதளத்தை நிறுவி, ஒழுங்கை நண்பர்களுக்காக மைன்கிராஃப்ட் ஜாவா பதிப்பின் சேவையகத்தை இயக்குகிறேன். மின்சாரம் போய் வரும்போதெல்லாம் அதைக் கையால் தொடங்க வேண்டியிருக்கிறது. நிறுவுதல் உட்பட அனைத்தையும் தானியக்கமாக்கலாமா?

மாங்குளத்தார்:
ஆக்கலாம், தம்பி. சேவையகம் இயங்கத் தேவையான ஜாவா மென்பொருளை நிறுவி (மைன்கிராஃப்ட் 1.21 பதிப்புக்கு ஜாவா 21 வேண்டும்), சேவையகக் கோப்பைப் பதிவிறக்கி, யூலா எனும் பயனர் உரிம ஒப்பந்தக் கோப்பில் உடன்பாட்டை 'ட்ரூ' (ஆம்) என மாற்றும் பாஷ் நிரல் (கட்டளைகளை வரிசையாக இயக்கும் கோப்பு) ஒன்றை எழுதுங்கள். பின்னர், கணினி எழும்போதே சேவையகத்தைத் தொடங்கவும், அது இடையில் நின்றால் மீண்டும் தொடங்கவும் உபுண்டுவில் பின்னணிச் சேவைகளை நிர்வகிக்கும் சிஸ்டம்டியில் சேவையொன்றை அமையுங்கள். கணினியே எழாவிட்டால் இவையெல்லாம் வீண் என்பதால், மின்சாரம் திரும்பியதும் இயங்கும் தெரிவைப் பயோஸில் (கணினியின் அடிப்படை அமைப்புகளில்) இயக்கி வையுங்கள்; பலர் கவனிக்காமல் விடுவது இதைத்தான்.

விசுவமடு அக்கா:
திடீர் மின்வெட்டில் விளையாட்டின் உலகம் சேமிக்கப்படும் கோப்புகள் பழுதடையக்கூடும் என்பதால், தொடக்கத்தைவிடக் காப்புப்பிரதியே முக்கியம் என்பேன். குறித்த நேரத்தில் வேலைகளை இயக்கும் கிரான் மூலம் இரவில், சேவையகத்துக்குக் கட்டளை அனுப்பும் ஆர்கான் வழியாக 'சேவ்-ஆஃப்' (தானியங்கிச் சேமிப்பை நிறுத்த), 'சேவ்-ஆல்' (அனைத்தையும் சேமிக்க) கட்டளைகளை அனுப்பி, உலகக் கோப்புறையைப் பிரதியெடுத்து, 'சேவ்-ஆன்' (சேமிப்பை மீண்டும் இயக்க) கொடுங்கள்.

கிளிநொச்சி வாசகர்:
நன்றி அக்கா. ரவுட்டரில் மைன்கிராஃப்ட்டுக்கான 25565 போர்ட்டை (இணைப்பு வாயில்) திறந்தும் வவுனியாவில் இருக்கும் மச்சானால் இணைய முடியவில்லையே?

மாங்குளத்தார்:
ரவுட்டரின் வெளி முகவரி 100.64 முதல் 100.127 வரையிலான எண்களில் தொடங்கினால், இணைய நிறுவனத்தின் வாடிக்கையாளர் பலர் ஒரே பொது முகவரியைப் பகிர்கிறீர்கள். அதனால் போர்ட்டைத் திறந்து பயனில்லை. கணினிகளைத் தனி வலையமைப்பாக இணைக்கும் டெயில்ஸ்கேலை இருவரும் நிறுவிப் பாருங்கள்.