டோடாய் அணி ஆறு பல்கலை லீக்கில் இன்னும் நீடிக்கலாமா?

நேர்கோடு:
டோக்கியோ ஆறு பல்கலைக்கழக பேஸ்பால் லீக்குக்கு 2025-ல் நூறு வயது ஆனது. வசேதா, கெயோ, மெய்ஜி, ஹோசெய், ரிக்கியோ, அப்புறம் எல்லோரும் டோடாய் என்று அழைக்கும் டோக்கியோ பல்கலைக்கழகம். 1925-ல் இருந்த அதே ஆறு அணிகள்தான் இன்றும் ஆடுகின்றன. புதிதாக யாரும் உள்ளே வந்ததில்லை, யாரையும் வெளியே அனுப்பியதுமில்லை.

இத்தனை ஆண்டுகளில் டோடாய் ஒரு முறைகூடப் பட்டம் வென்றதில்லை. 1998 வசந்த சீசனிலிருந்து அவர்களுக்குக் கடைசி இடம்தான். 2010 அக்டோபரில் ஓர் ஆட்டம் ஜெயித்தார்கள். அதன்பின் 94 தோல்வி. 2015 மே மாதம்தான் அடுத்த வெற்றி. 2017-க்குப் பிறகு இன்னொரு 64 தோல்வி, 2021 வரை.

அதே டோக்கியோவில் தோதோ என்று இன்னொரு பல்கலைக்கழக லீக் இருக்கிறது. அங்கே நான்கு பிரிவுகள். ஒவ்வொரு சீசன் முடிவிலும் மேல் பிரிவின் கடைசி அணியும் கீழ்ப் பிரிவின் முதல் அணியும் மோதும், தோற்றவர் கீழே. அயோயாமா ககுயின் 2014 இலையுதிர் சீசனில் அப்படித்தான் இறங்கியது. மேலே வர 2020 வரை ஆனது. 2023-லும் 2024-லும் அகில ஜப்பான் பல்கலைக்கழகப் பட்டமே அவர்களுக்குத்தான். விழுந்ததால்தான் எழுந்தார்கள் என்பது என் கருத்து. ஆறு பல்கலை லீக்குக்கும் இந்த முறை வர வேண்டும். டோடாய் மேல் எனக்குக் கோபம் எதுவும் இல்லை. வெளியே திறமையோடு காத்திருக்கும் அணிகளை நினைத்துத்தான் சொல்கிறேன்.

பாரி:
எனக்கு இந்த லீக் புதிது. ஒரு சந்தேகம். 94 தோல்வி என்றால் எத்தனை சீசன்? ஒரு சீசனில் எத்தனை ஆட்டம்?

மாலதி:
பாரி, வருடத்துக்கு இரண்டு சீசன்: வசந்தம், இலையுதிர். ஒவ்வொரு அணியோடும் ஒரு தொடர். பல ஆண்டுகளாக இருந்த முறைப்படி, முதலில் இரண்டு ஆட்டம் ஜெயிப்பவருக்கு அந்தத் தொடரின் வெற்றிப்புள்ளி. ஆக டோடாய் சனி, ஞாயிறு இரண்டும் தோற்றால் அந்த வாரம் முடிந்தது. ஐந்து அணி, பத்து ஆட்டம். 94 தோல்வி என்பது நாலரை வருஷக் கதை.

செங்கதவு:
நேர்கோடு சார், நீங்கள் சொன்ன எண்களில் தவறு இல்லை. ஆனால் கதையைப் பாதியில் ஆரம்பித்திருக்கிறீர்கள்.

ஜப்பானுக்குள் பேஸ்பால் நுழைந்த கதவே டோடாய்தான். 1872-ல் ஹோரஸ் வில்சன் என்ற அமெரிக்க ஆசிரியர் டோக்கியோவில் தன் மாணவர்களுக்கு இந்த விளையாட்டைச் சொல்லிக்கொடுத்தார். அந்தப் பள்ளிதான் பின்னால் டோக்கியோ பல்கலைக்கழகமாக வளர்ந்தது. கான்தா பகுதியில் அந்த இடத்தில் 2003-ல் ஒரு வெண்கலச் சிற்பம் வைத்தார்கள். பந்தை இறுகப் பிடித்த ஒரு கை மட்டும். பந்தின் மேல் உலக வரைபடம், தையல் ஓடுகிற கோட்டில் ஜப்பானும் அமெரிக்காவும். அதன் முன்னால் கொஞ்ச நேரம் நின்றால் இந்த விவாதமே வேறு மாதிரி தெரியும்.

அடுத்து இச்சிகோ, அதாவது முதலாம் உயர்நிலைப் பள்ளி. பெயரில்தான் பள்ளி, அன்று இம்பீரியல் பல்கலைக்கழகம் என்றிருந்த டோடாய்க்கு மாணவர்களைத் தயார் செய்த இடம் அது. போருக்குப் பின் டோடாயோடே இணைந்துவிட்டது. 1890-களில் நாட்டிலேயே பலமான அணி இச்சிகோதான். 1896 மே மாதம் யோகோஹாமாவில் வெளிநாட்டவர் அணியை 29-4 என்று தோற்கடித்தார்கள். பந்தைக் கொண்டுவந்தவர்களையே பந்தால் ஜெயித்த ஆட்டம் அது. இன்று ஜப்பான் முழுக்க பேஸ்பாலுக்குச் சொல்லும் ‘யாக்யூ’ என்ற சொல்லை உருவாக்கிய சூமான் கனாயே இச்சிகோ வீரர்.

வசேதாவும் கெயோவும் 1903-ல் முதன்முதலாக மோதின. 1906-ல் ரசிகர்களின் ஆவேசம் எல்லை மீறவே போட்டியை நிறுத்திவிட்டார்கள். பிறகு மெய்ஜி, ஹோசெய், ரிக்கியோ ஒவ்வொன்றாக லீக்கில் சேர்ந்தபோதும் இவை இரண்டும் ஒன்றோடொன்று ஆடவில்லை. ஒரே லீக்கில் இருந்துகொண்டு முகம் கொடுக்காமல் இருந்தார்கள்! பத்தொன்பது ஆண்டுகளுக்குப் பிறகு 1925-ல் அந்த ஆட்டம் திரும்பியது. டோடாய் ஆறாவதாகச் சேர்ந்து லீக் முழுமையானதும் அதே ஆண்டில்தான். ஆறு பல்கலைக்கழகங்கள் ஒருவரோடு ஒருவர் ஆடுவோம் என்று கொடுத்த வாக்கு இது. படிக்கட்டாக ஏறி இறங்கும் போட்டியாக இதை யாரும் தொடங்கவே இல்லை.

நேர்கோடு:
செங்கதவு, வரலாறு அருமை, மறுக்கவில்லை. ஆனால் 1896-ல் வாங்கிய பெயரை வைத்து எத்தனை காலம் இடம் பிடிப்பது? அரண்மனையிலிருந்து வரும் பேரரசர் கோப்பை இந்த லீக்கின் சாம்பியனுக்குப் போகிறது. அகில ஜப்பான் சாம்பியனுக்குக்கூட அது கிடையாது. டோக்கியோவின் ஜிங்கூ பேஸ்பால் மைதானத்தில் வார இறுதி இவர்களுக்கு. தோதோவின் மேல் பிரிவு வார நாட்களில் ஆடுகிறது, கீழ்ப் பிரிவுகளுக்கு வேறு மைதானங்கள். இவ்வளவு சலுகையும் ஆறு பேருக்குள் பூட்டி வைத்திருக்கிறது. பூட்டின் சாவி ஒரு நூற்றாண்டுக்கு முந்தைய வாக்கு என்றால் எனக்கு ஏற்க முடியவில்லை.

இன்னொன்று. பட்டப் போட்டியில் இருப்பவர்களுக்கு டோடாய் தொடர் எப்படித் தெரியும்? இரண்டு வெற்றி கணக்கில் சேர்ந்தது மாதிரி. அப்படி ஓர் எதிரணி இருப்பது லீக்குக்கு நல்லதா?

ஒன்பதாம்_இன்னிங்ஸ்:
‘கணக்கில் சேர்ந்தது மாதிரி’ என்று ஹோசெய் ரசிகர்களிடம் போய்ச் சொல்லிப் பாருங்கள். 2015 மே 23, 94 தோல்வி முடிந்த ஆட்டம்: பத்தாவது இன்னிங்ஸ் வரை போய் 6-4. எதிரணி ஹோசெய். 2021 மே 30, 64 தோல்வி முடிந்த ஆட்டம்: 2-0. எதிரணி ஹோசெய். நடுவில் 2017 அக்டோபரில் முதல் நாள் 9-2, மறுநாள் 8-7, தொடரே டோடாய்க்கு. அதுவும் ஹோசெய்யோடுதான். 2002-க்குப் பிறகு டோடாய் எடுத்த முதல் வெற்றிப்புள்ளி அது.

அந்த இரண்டு நாளும் பந்து போட்டவர் மியாதாய் கோஹெய், இடக்கை பிட்சர், சட்டம் படித்தவர். அந்த மாதமே நிப்போன் ஹாம் என்ற தொழில்முறை அணி, புது வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டின் ஏழாவது சுற்றில் அவரை எடுத்தது. டோடாயிலிருந்து தொழில்முறைக்குப் போனவர்களில் அவர் ஆறாவது.

பாரி:
அப்படியென்றால் 2010-ல் கடைசியாக ஜெயித்தது யாரிடம்?

ஒன்பதாம்_இன்னிங்ஸ்:
வசேதாவிடம், 4-2. தோற்ற பிட்சர் சைதோ யூகி. கோஷியென் உயர்நிலைப் பள்ளிப் போட்டியில் நாடே கொண்டாடிய பையன், அந்த ஆண்டு வசேதாவின் கேப்டன்.

மாலதி:
டோக்கியோவில் வேலை பார்த்தபோது நான் ஜிங்கூவுக்குப் போயிருக்கிறேன். வெயில் வராத இருக்கை தேடிப்போய், தெரியாமல் டோடாய் பக்கம் உட்கார்ந்துவிட்டேன். எட்டாவது இன்னிங்ஸ், டோடாய் ஒன்பது ரன் பின்னால். மெலிந்த ஒரு பையன் பேட் பிடிக்க வந்தான். இரண்டு ஸ்ட்ரைக் ஆகிவிட்டது, மூன்றானால் அவுட். அதற்கப்புறம் வந்த பந்தையெல்லாம் கோட்டுக்கு வெளியே தட்டிவிட்டுக்கொண்டே இருந்தான். ஒன்று, இரண்டு, ஐந்து, ஆறு. ஒவ்வொரு ஃபவுலுக்கும் எனக்கு முன்னால் இருந்த முதியவர் மடியில் வைத்திருந்த ஸ்கோர் புத்தகத்தில் ஒரு புள்ளி வைத்தார். கடைசியில் ‘பால்’ எனப்படும் தவறான வீச்சு நான்கு வாங்கி அவன் முதல் பேஸுக்கு நடந்தபோது வாத்தியக் குழு வெற்றி ஆட்டத்துக்கு வாசிப்பது மாதிரி வாசித்தது. ரன் எதுவும் வரவில்லை, ஆட்டமும் போய்விட்டது. முதியவர் பென்சிலைச் சீவிப் பையில் வைத்துக்கொண்டார், நாளைக்கும் வருகிறவர் மாதிரி.

நேர்கோடு, எதிரணி பிட்சர் அந்தப் பையனுக்கு ஒரு பந்தைக்கூட அலட்சியமாகப் போடவில்லை. அதை நான் கண்ணால் பார்த்தேன்.

நேர்கோடு:
மாலதி, படிக்கும்போது மனசு இளகியது உண்மை. ஆனால் அந்தப் பையன் இரண்டாம் பிரிவில் ஆடியிருந்தாலும் அதே பிடிவாதத்தோடுதான் ஆடியிருப்பான். அங்கே ஜெயித்தும் இருப்பான்.

டோடாய் ஏன் தோற்கிறது என்பது ரகசியம் இல்லை. மற்ற பல்கலைக்கழகங்கள் கோஷியெனில் ஜொலித்தவர்களை விளையாட்டுத் திறமைக்காகச் சேர்க்கின்றன. டோடாயில் அந்த வழி கிடையாது. ரிக்கியோவைப் பாருங்கள். நாகாஷிமா ஷிகேயோ ஆடிய பொற்காலத்துக்குப் பிறகு நெடுங்காலம் தடுமாறினார்கள். 2008-ல் விளையாட்டு வீரர்களுக்குத் தனி நுழைவு முறை கொண்டுவந்தார்கள். 2017 வசந்தத்தில் லீக் பட்டம், கையோடு 59 ஆண்டுக்குப் பிறகு அகில ஜப்பான் பட்டம். வழி இருக்கிறது, டோடாய் அதில் போகவில்லை. தேர்ந்தெடுத்தது அவர்கள். விளைவையும் அவர்கள்தானே ஏற்க வேண்டும்?

செங்கதவு:
ஏற்கிறார்களே! ஒவ்வொரு சீசனும் கடைசி இடம் என்ற விளைவை முணுமுணுக்காமல் ஏற்கிறார்கள். நீங்கள் கேட்பது அதற்கு மேல் ஒரு தண்டனை.

அந்த அணியில் எப்படிப்பட்டவர்கள் ஆடினார்கள் என்று ஓர் உதாரணம் சொல்கிறேன். டோடாய் பிட்சர்களில் அதிக வெற்றி ஒகாமுரா ஹாஜிமேவுக்கு, 17. மற்ற அணிகளின் நட்சத்திரங்கள் இதைவிட எவ்வளவோ அதிகம் ஜெயித்திருக்கிறார்கள், தெரியும். ஆனால் டோடாய் சட்டையில் 17 என்பது மலை. அவர் பிறகு அதே பல்கலைக்கழகத்தில் கட்டுமானப் பொறியியல் பேராசிரியர் ஆனார். கான்கிரீட்டைக் கொட்டியதும் அதிரவைத்து இறுக்க வேண்டும், இல்லாவிட்டால் கம்பிகளுக்கு நடுவே வெற்றிடம் விழும். அப்படி அதிரவைக்காமலே, தன் எடையாலேயே மூலைமுடுக்கெல்லாம் ஓடி நிரம்பும் கான்கிரீட்டை உருவாக்கியவர் அவர். இன்று உலகம் முழுக்கப் பயன்படுகிறது. டோடாய் அணியின் மேனேஜராகவும் இருந்திருக்கிறார்.

இன்றும் அந்த மூளை வேலை செய்கிறது. கோஷியென் வீரர்களோடு பலத்தில் போட்டி போட முடியாது என்று தெரிந்து, மாணவர்களே எதிரணியின் ஒவ்வொரு பந்தையும் தரவாக்கி ஆராய்கிறார்கள். அப்படி ஆராய்ந்த ஒரு மாணவரை சாஃப்ட்பேங்க் என்ற தொழில்முறை அணி வேலைக்கே எடுத்துக்கொண்டது. 2021-ல் டோடாய் பேஸ் திருடுவதில், அதாவது பந்தை அடிக்கும் முன்பே அடுத்த பேஸுக்கு ஓடிவிடுவதில், மற்றவர்களை மிரட்டியது. இது பலமான எதிரிகளோடு ஆடுவதால் வந்த கல்வி. இரண்டாம் பிரிவில் இதற்குத் தேவையே வந்திருக்காது.

ஒன்பதாம்_இன்னிங்ஸ்:
ஒரு முறை பட்டத்துக்கு மிக அருகில் போனார்கள், அதையும் எழுதிவைக்கிறேன். 1946 வசந்தம், போர் முடிந்து லீக் மறுபடி தொடங்கிய சீசன். ஒவ்வோர் அணியோடும் ஒரே ஓர் ஆட்டம். டோடாய் நான்கு ஆட்டமும் ஜெயித்துவிட்டுக் கடைசியில் கெயோவைச் சந்தித்தது. 0-1. இரண்டாம் இடம். அவர்களுடைய வரலாற்றிலேயே அதுதான் உச்சம். 1981 வசந்தத்தில் வசேதா, கெயோ இருவரிடமும் தொடர் எடுத்து நான்காம் இடம் வந்தார்கள். ‘செங்கதவுச் சூறாவளி’ என்றார்கள் அதை. நம் நண்பர் பெயரும் அங்கிருந்து வந்ததுதான் என்று நினைக்கிறேன்.

செங்கதவு:
ஆமாம். பல்கலைக்கழகத்தின் பழைய சிவப்பு வாசல், அகாமோன்.

நேர்கோடு:
சரி, நீங்கள் யாரும் தொடாத ஒன்றைக் கேட்கிறேன். பட்டம், கோப்பை, சலுகை எல்லாவற்றையும் ஒதுக்கிவிடுகிறேன்.

2011 ஏப்ரலில் டோடாயில் சேர்ந்த மாணவனை எடுத்துக்கொள்ளுங்கள். 2010 அக்டோபர் வெற்றியை அவன் அணியில் இருந்து பார்க்கவில்லை. நான்கு ஆண்டு, எட்டு சீசன். காலையில் பயிற்சி, அப்புறம் வகுப்பு, வார இறுதியில் ஜிங்கூ. 2015 மார்ச்சில் பட்டம் வாங்கி வெளியே வருகிறான். லீக் ஆட்டத்தில் ஒரு வெற்றிகூட இல்லை. ஒன்றுகூட. அந்த வகுப்பு முழுவதும் அப்படி. வரலாறு, கல்வி, வாக்கு என்று நாம் இங்கே பேசுகிற எல்லாவற்றுக்கும் விலை கொடுத்தது அந்தப் பையன்கள். அவர்களிடம் கேட்டீர்களா?

செங்கதவு:
இதற்கு என்னிடம் உடனே பதில் இல்லை. யோசித்துத்தான் எழுதுகிறேன்.

2013-லிருந்து குவாதா மசுமி அவர்களுக்குப் பயிற்சி கொடுத்தார். யோமியூரி என்ற தொழில்முறை அணியின் பெரிய பிட்சராக இருந்தவர். தோற்கிற அணிக்கு வந்து நின்றார், வெற்றி உடனே வரவில்லை. அந்த வகுப்பு அவரிடம் கற்றதைத் தம்பிகளுக்கு விட்டுவிட்டுப் போனது. 2015 மே 23-ல் ஜெயித்த அணியின் மூத்த வீரர்கள் எல்லோரும் இவர்களோடு மூன்று ஆண்டு ஒன்றாகத் தோற்றவர்கள். அந்த வெற்றியில் இவர்களுக்குப் பங்கு இல்லை என்று நீங்கள் சொல்ல மாட்டீர்கள் என்று நம்புகிறேன். பட்டம் வாங்கி இரண்டே மாதம் ஆகியிருந்தது.

நேர்கோடு:
பங்கு இருக்கிறது, நிச்சயமாக. டோடாய் லீக்குக்குச் சுமை என்ற தொனியில் நான் தொடங்கியதைத் திரும்பப் பெறுகிறேன், அது தவறு. ஆனால் கீழே இறங்கும் முறை வேண்டும் என்பதை விடவில்லை. அந்த இரண்டு மாதம்தான் என் காரணம்.

மாலதி:
அந்த வகுப்பில் யாராவது மே 23 அன்று வேலைக்கு நடுவே ஜிங்கூ வந்திருப்பார்களா என்று நினைத்துக்கொண்டிருக்கிறேன். சனிக்கிழமை அது. வந்திருக்க முடியும்.